மேல் அம்புக்குறி

ரெண்டே ரெண்டு எழுத்து. எல், எஸ். அதை அடிச்சு ஒருத்தி என்ற வயித்துல தீயை வெச்சுப்போட்டா. சொன்னாச் சிரிப்பீங்க. அடுத்தவ கழுத்துச் சங்கிலியைப் பாத்துப் பொறாமைப்பட்டவிய உண்டு, அடுத்தவ புருசன் வாங்கிக் குடுத்த சீலையைப் பாத்துப் பொறாமைப்பட்டவிய உண்டு. ஒரு கம்ப்யூட்டர் கட்டளைக்கு, அதுவும் தனக்கே நல்லாத் தெரிஞ்ச கட்டளைக்கு, சோறு தண்ணி எறங்காமப் பொறாமைப்பட்டவ கோயமுத்தூர் ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு வாக்குல நடந்தது இது. கணபதியில மோட்டார் பம்பு செய்யற ஒரு கம்பெனியில எனக்கு வேலை. சூலூர்ல இருந்து காந்திபுரம் ஒரு பஸ்ஸு, அங்கிருந்து ஒரு டவுன் பஸ்ஸு. எறங்கி, லேத்துச் சத்தத்தைத் தாண்டி மாடி ஏறுனா ஒரு கண்ணாடி ரூமு. உள்ள ஒரு யூனிக்ஸ் மிசினு, அதோட கோத்த நாலு பச்சை எழுத்துத் திரை. பக்கத்துல மூணு விண்டோஸ் கம்ப்யூட்டரு, அது புதுசு. யூனிக்ஸ் மிசினுக்கு நாந்தான் எல்லாம். காலையில தட்டி எழுப்பறதும் நான், பொழுதோட தூங்க வெக்கறதும் நான்.

என்ன வேலைன்னா, கம்பெனி செய்யற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பைலு. எந்த அளவு புஷ்ஷு, எந்த பேரிங்கு, எத்தனை சுத்துக் கம்பி, எல்லாம் அதுல இருக்கும். ஸ்டோர்ல இருந்து சாமான் எடுத்துக் குடுக்கறவிய, ஊரூருக்கு இருக்கற டீலருங்க, எல்லாத்துக்கும் அந்த லிஸ்ட்டுதான் வேதம். ஆறு வருசமா ஒண்ணு விடாம அடிச்சது நான். ஒரே மோட்டாருல புது டிசைன் ஒண்ணு, முன்னால செஞ்ச பழைய டிசைன் ஒண்ணு இருக்குமில்லீங்களா, அதுக்கு நானே ஒரு வழி வெச்சிருந்தேன். புதுசுக்குப் பைல் பேரைப் பெரிய எழுத்துல வெப்பேன், பழசுக்கு அதே பேரைச் சின்ன எழுத்துல வெப்பேன். யூனிக்ஸுக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. ரெண்டும் ஒரே ஊட்டுல ஒட்டுக்கா இருக்கும், சண்டை வராது. வாரம் தவறாமச் சனிக்கிழமை எல்லாத்தையும் எண்ணிப் பாத்து, பாட்டுக் கேசட்டாட்ட இருக்கற நாடாவுல நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். கடைசியா எண்ணுனப்ப நானூத்திப் பன்னெண்டு இருந்துச்சு.

இத்தனை செஞ்சும் கம்பெனியில எனக்குப் பேரு என்ன தெரியுங்களா? டைப்படிக்கிறம்மா. கீழ இருந்து ஆளு அனுப்புனா, மேல டைப்படிக்கிறம்மாகிட்டப் போய் லிஸ்ட்டு வாங்கிட்டு வான்னுதான் அனுப்புவாங்க. எங்களுக்கு மேல இன்சார்ஜுன்னு ஒருத்தர் இருந்தார். அவருக்கு அந்த மிசினுல பேரைப் போட்டு உள்ள போகக்கூடத் தெரியாது. நான் அவருக்குச் சொல்லுவேன், அவரு அதை மேனேஜருக்குச் சொல்லுவாரு, மேனேஜர் அவரைச் சபாஷ்னு சொல்லுவாரு. அந்த மனுசன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு. கைப்புடி வெச்ச சேரு, நேரா வெளிய பேசற போனு, கதவுல மாட்டியிருந்த சின்னப் பலகை, மூணும் காலியாக் கெடந்துச்சு. அந்தச் சேரு எனக்கு வேணும். வேணும்னா, கோயிலுக்குப் போனா மொதல்ல வாயில வர்றது அதுதான். மேனேஜரு, எல்லாத்தையும் விண்டோஸுக்கு மாத்தி முடிச்சப்புறம் அதை முடிவு பண்ணிக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தார்.

விண்டோஸுன்னா எனக்குக் கெரகம். அதுலயும் ஒரு கருப்புப் பெட்டி தெறக்கும், அதுல எழுத்தை அடிக்கலாம். பழகுன கை சும்மா இருக்குதுங்களா, எல் எஸ்ஸுன்னு அடிக்கும். யூனிக்ஸா இருந்தா என்னென்ன பைல் இருக்குதுன்னு வரிசையாக் காட்டும். விண்டோஸு, இப்படி ஒரு கட்டளையே கிடையாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லும். இன்ன புஷ்ஷு எந்தெந்த மோட்டாருல வருதுன்னு கேட்டா, யூனிக்ஸுல ஒரே வரியில தேடிக் குடுத்துருவேன். விண்டோஸுல ஒவ்வொரு பைலாத் தெறந்து கண்ணால பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஆறு வருசம் ஓடுன காலுல கட்டுப் போட்டு உட்டாப்பல இருந்துச்சு.

அப்பத்தான் அவ வந்தா. என்னை விட ரெண்டு மூணு வயசு சின்னவ. பெங்களூர்ல ரெண்டு வருசம் வேலை பாத்துட்டு, சொந்த ஊருக்கே வந்துட்டா. இந்த மாத்தற வேலைக்குன்னே மேனேஜர் எடுத்தாரு. வந்த அன்னிக்கே என்னை அக்கான்னு கூப்பிட்டா. நானும் அம்மணின்னு வாய் நெறையத்தான் கூப்பிட்டேன். அதுல ஒண்ணும் கொறை வெக்கலீங்க.

வந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு காயிதத்தைக் குடுக்க அவ சீட்டுக்குப் பின்னால போனேன். அவ விண்டோஸுல கருப்புப் பெட்டியைத் தெறந்து எல் எஸ் அடிச்சா. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். வாங்கிக் கட்டிக்கோ கண்ணுன்னு நின்னு பாத்தேன். கெரகம், பைலெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. என்ற யூனிக்ஸுல வர்ற மாதிரியே. அடுத்தாப்பல ஒரு வார்த்தையைத் தேடச் சொன்னா, தேடிக் குடுத்துச்சு. வரிசைப்படுத்தச் சொன்னா, படுத்துச்சு. காயிதத்தைக் குடுக்க வந்ததே மறந்துபோச்சு.

என்னங்க அம்மணி இது, விண்டோஸுல எப்படிங்கன்னு கேட்டேன். வெளிநாட்டுல யாரோ புண்ணியவானுக, யூனிக்ஸ் கட்டளைகளையெல்லாம் விண்டோஸுல ஓடற மாதிரி திருப்பி எழுதிச் சும்மாவே குடுக்கறாங்களாம். பெங்களூர்ல கூட வேலை பாத்தவிய அதை எறக்கிப் பத்துப் பன்னெண்டு பிளாப்பியில போட்டுக் குடுத்தாங்களாம். எல்லாத்தையும் கள்ளம் கபடம் இல்லாமச் சொல்லிட்டு, உங்களுக்கும் போட்டுத் தரட்டுங்களாக்கான்னு கேட்டா.

வாங்கியிருக்கலாம். கையில வெண்ணெயைக் கொண்டாந்து வெக்கறா, நக்கித் தின்னா என்ன கேடு? நான் சொன்னேன், எனக்கெதுக்குங்க அம்மணி, எனக்கு அந்த மிசினே போதுமுங்க. சொல்லிப்போட்டு என்ற சீட்டுல வந்து உக்காந்தேன். நெஞ்சுல இருந்து அடிவயிறு வரைக்கும் திகுதிகுன்னு எரிஞ்சுது.

ஏன் எரிஞ்சுதுன்னு இப்ப யோசிச்சாத் தெரியுது. அவ விண்டோஸுல கெட்டிக்காரியா மட்டும் இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அது அவ வழி, இது என்ற வழி. ஆனா அவ என்ற வழியில வந்தா. நான் மட்டும் நடந்த வழின்னு நான் நெனைச்சுட்டிருந்த வழி. அதுல வந்ததுமில்லாம, நான் நொண்டிக்கிட்டு நின்ன எடத்துல அவ ஓடுனா. எனக்குச் சொந்தம்னு இந்தக் கம்பெனியில இருந்தது அது ஒண்ணுதான். அதைப் பத்துப் பிளாப்பியில அடைச்சுப் பையில போட்டுட்டு வந்துட்டாளேன்னு வந்துச்சு.

இன்னொண்ணும் இருந்துச்சு. அவ கை வேகம். ஒரு முழ நீளக் கட்டளை கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள திரையில வந்து நிக்கும். வெரல் அசையறதே தெரியாது, ஓரத்துல எங்கியோ ஒரு தட்டு, அவ்வளவுதான். நானும் வேகமாத்தான் அடிப்பேன், ஊரே சொல்லும். டைப்படிக்கிறம்மான்னு பேரே வெச்சிருக்காங்களே. அதுலயும் என்னைத் தாண்டிட்டாளேன்னு, அவளைப் பாத்து வேகமா அடிக்கப்போயி நான் அடிச்சதெல்லாம் தப்பு. ஒரு நாள் மத்தியானம் ஒரே வரியை நாலு தடவை தப்பா அடிச்சுட்டு, கீபோர்டு சரியில்லைன்னு அதைத் தலைகீழாத் தட்டுனேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்துச்சு. யூனிக்ஸ்ல இருக்கற என்ற லிஸ்ட்டையெல்லாம் விண்டோஸுக்குக் கொண்டு போற நாளு. அதைச் செய்யறவதான் இன்சார்ஜுன்னு மேனேஜர் வாய்விட்டுச் சொல்லலை, ஆனா ரூமுல இருந்த சொவத்துக்குக்கூட அது தெரியும். அவ யூனிக்ஸ்ல எல்லாப் பைலையும் ஒரே மூட்டையாக் கட்டுனா. பிளாப்பியில எடுத்துட்டு வந்து, அவ கம்ப்யூட்டருல அந்த யூனிக்ஸ் சாமானை வெச்சே மூட்டையைப் பிரிச்சா. பேரெல்லாம் சரசரன்னு ஓடுச்சு. முடிஞ்சதும் எத்தனை வந்துச்சுன்னு எண்ணச் சொன்னா. முன்னூத்தி அறுபத்தொண்ணுன்னு காட்டுச்சு. எல்லாம் வந்துருச்சுங்க சார்னு மேனேஜர்கிட்டச் சொன்னா.

எனக்கு அந்த நிமிசமே வெளங்கிருச்சு. நானூத்திப் பன்னெண்டுல அம்பத்தொண்ணைக் காணோம். ஏன் காணோம்னும் தெரியும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு பேதம் கிடையாது. புது டிசைனு மொதல்ல வந்து உக்காந்திருக்கும், அதே பேருல சின்ன எழுத்துல பழசு பின்னால வந்ததும், இது அதேதான்னு நெனைச்சு புதுசு மேலயே பழசை எழுதிப்போட்டிருக்கும். பேரு புதுசு, உள்ள இருக்கறது பழசு. இந்த ஏற்பாட்டை வெச்சவ நான். வேற ஒருத்தருக்கும் தெரிய நாயம் இல்லை.

அவ என் பக்கம் திரும்பிச் சிரிச்சுட்டே கேட்டா, "சரியா இருக்குமுங்களாக்கா?"

எங்கூருல மரியாதைக்குப் பஞ்சமே கிடையாதுங்க. திட்டறதுக்கும் ஒரு ங்க போட்டுத்தான் திட்டுவோம். அந்த ஒரு ங்கவுக்குக் கீழ எத்தனை வெசத்தை மூடி வெக்கலாம்னு அன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா அம்மணி," ன்னு சொன்னேன். "நீங்க பாத்தாச் சரியாத்தானுங்க இருக்கும்."

மேனேஜர் அவ தோள்ல தட்டாத கொறைதான். பழைய மிசினை எடுத்துட்டுப் போக, திங்கக்கிழமை மத்தியானம் ஒருத்தரை வரச் சொல்லிட்டதாவும், அன்னிக்குக் காலையில ஒருக்கா எல்லாத்தையும் பாத்துட்டு இன்சார்ஜு யாருன்னு சொல்லிடறதாவும் சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போனாரு. நான் மனசுக்குள்ள, போகட்டும், மாட்டட்டும்னு சொல்லிக்கிட்டேன். பழைய மிசினு போனப்புறம் தப்புத் தெரியோணும், இவ முழிக்கோணும், அப்ப நான் நாடாவை எடுத்துட்டு வந்து காப்பாத்தோணும். அந்தக் காட்சியை பஸ்ஸுல போறப்ப எத்தனை தடவை ஓட்டிப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்லை. நாடாவைப் படிக்கறதுக்கு அந்தப் பழைய மிசினே வேணும்ங்கற புத்தி சிங்காநல்லூர் தாண்டறப்பத்தான் வந்துச்சு. வந்தும், வாயைத் தெறக்கலாம்னு தோணலை பாருங்க.

என்ற ஊட்டுக்காரர் தறி வெச்சிருக்கார். கம்ப்யூட்டர் பத்தி ஒரு எழவும் தெரியாது, ஆனா மனுசங்களை நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில நான் இட்லியைப் பிட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கறதைப் பாத்து என்னன்னு கேட்டார். வேற யாரோ ரெண்டு பேருக்கு நடந்தாப்பல கதையைச் சொன்னேன். முச்சூடும் கேட்டுட்டு, எதிராளிக்குச் சகுனத்தடை ஆகோணும்னு மூக்கை அறுத்துக்கற கதையாட்ட இருக்குது, அந்தப் பொம்பளைகிட்ட மூக்கைத் தடவிப் பாத்துக்கச் சொல்லுன்னார். சொல்லிட்டு எனக்கு இன்னொரு இட்லி வெச்சார். எனக்குக் கோவந்தான் வந்துச்சு.

மூக்கு சனிக்கிழமையே போச்சு. அவ அன்னிக்கு அரை நாள் லீவு. மத்தியானம் ஸ்டோர்க்காரர் ஒரு லிஸ்ட்டைக் கையில புடிச்சுட்டு மாடி ஏறி வந்தார். வியாழக்கிழமை விண்டோஸுல இருந்து எடுத்த லிஸ்ட்டு. அதைப் பாத்துப் பவானி டீலருக்குச் சாமான் அனுப்பியிருக்காங்க. புது மோட்டாருக்குப் பழைய அளவு புஷ்ஷு போயிருக்குது, சேரலைன்னு அங்கிருந்து போனு மேல போனு. நான் உள்ளுக்குள்ள, மாட்டுனாடான்னு ஒரு துள்ளுத் துள்ளுனேன். அந்த மனுசன் அடுத்தாப்பல சொன்னதைக் கேட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

"ஏனுங்க, ஆறு வருசமா ஒரு தப்பு வந்ததில்லீங்களே, இப்ப இப்படி அடிச்சுப்போட்டீங்க?"

அவர் அவளைச் சொல்லலீங்க. என்னைச் சொன்னார். யூனிக்ஸு ஆனா என்ன, விண்டோஸு ஆனா என்ன, கீழ இருக்கறவியளுக்கு லிஸ்ட்டுன்னா அது டைப்படிக்கிறம்மா அடிச்சது. அம்பத்தொரு மோட்டாருக்கும் நாளைக்கு இப்படித்தான் சாமான் போகும், அம்பத்தொரு தடவையும் என்ற பேருதான் வரும். நான் செஞ்ச நல்லது எதுலயும் என்ற பேரு இல்லை, இதுல மட்டும் இருக்கும். திங்கக்கிழமை பாத்துச் சொல்றேனுங்கன்னு அவரை அனுப்பி வெச்சேன்.

மனசாட்சி முழிச்சுது, அவளைக் காப்பாத்தலாம்னு போனேன்னு எழுதுனா நல்லாத்தான் இருக்கும். அப்படியெல்லாம் இல்லீங்க. என்ற மூக்குக்காகத்தான் போனேன். ஞாயித்துக்கிழமை வெடியால மொத பஸ்ஸைப் புடிச்சுக் கணபதி வந்து, வாச்மேன்கிட்ட நகல் எடுக்கோணுங்கன்னு சொல்லி மாடி ஏறிட்டேன். கைப்பையில மூணு புது பிளாப்பி இருந்துச்சு. மாத்தற வேலைக்கு ஒண்ணு போதும். மீதி ரெண்டு எதுக்குன்னு நான் எனக்கே சொல்லிக்கலை.

மொதல்ல பழைய மிசினு. பழைய டிசைன் பைலு அம்பத்தொண்ணுக்கும் பேருக்குப் பின்னால ஒரு எழுத்தைச் சேத்து மாத்தி வெச்சேன். இனிமே எந்த ஊட்டுக்குப் போனாலும் ஒண்ணை ஒண்ணு முழுங்காது. ஆறு வருசத்துக்கு முன்னாலயே இப்படி வெச்சிருக்கலாம், அன்னிக்கு எனக்கு விண்டோஸ் வரும்னு யார் ஜோசியம் சொன்னாங்க. திருப்பி மூட்டை கட்டி, பிளாப்பியில எடுத்துக்கிட்டேன். இதைப் பிரிக்கற சாமான் அவ கம்ப்யூட்டருலதான் இருக்குது. அவ சேருல போயி உக்காந்தேன்.

கருப்புப் பெட்டியைத் தெறந்தேன். வேலையை உட்டுட்டு, மொதல்ல எல் எஸ் அடிச்சேன். வந்துச்சுங்க. விண்டோஸுல, என்ற கைக்கு. இன்னொருக்கா அடிச்சேன். காலண்டர் காட்டற கட்டளையை அடிச்சேன், அந்த மாசத்துக் காலண்டர் அழகா வந்துச்சு. தேதியைக் கேட்டேன். நான் யாருன்னு கேட்டேன், அவ பேரைக் காட்டுச்சு, அதுல ஒரு கடுப்பு. மறுபடியும் எல் எஸ். ஊட்டுல யாரும் இல்லாதப்ப அடுத்தவ நகையை எடுத்துப் போட்டுக் கண்ணாடி பாக்கற மாதிரி சித்த நேரம் உக்காந்திருந்தேன். அப்புறமேல்ட்டுதான் மூட்டையைப் பிரிச்சேன். எண்ணச் சொன்னேன். நானூத்திப் பன்னெண்டு.

அதோட எழுந்து வந்திருக்கலாம். வரலை. மீதி ரெண்டு பிளாப்பியை எடுத்தேன். எல் எஸ்ஸை ஒண்ணுல நகல் எடுத்தேன். தேடறதை எடுத்தேன், வரிசைப்படுத்தறதை எடுத்தேன், எடம் இருக்கற வரைக்கும் ஒண்ணொண்ணா எடுத்தேன். போட்டுத் தரட்டுங்களான்னு அவ கேட்டதை வேண்டாமுன்னுட்டு, அதையே திருட வந்திருக்கறேன். கேட்டு வாங்குனா அவ குடுத்ததாப் போயிரும். எடுத்துட்டா என்றதுதானே? அப்படித்தான் புத்தி போச்சு. எல்லாம் முடிச்சு, கவனமா, எக்ஸிட்டுன்னு அடிச்சுப் பெட்டியை மூடுனேன். ஒரு தடயமும் இல்லைன்னு நெனைச்சுட்டு வந்தேன்.

திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னால வந்து, என்ற கம்ப்யூட்டருல அந்தத் திருட்டு எல் எஸ்ஸைப் போட்டுப் பாத்தேன். ஓடலை. ஏதோ ஒரு பைலைக் காணோம்னு சொல்லுச்சு. தேடற கட்டளையும் அதையேதான் சொல்லுச்சு. பிளாப்பியைப் பிடுங்கிக் கைப்பைக்கு அடியில போட்டுக்கிட்டேன்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். அவ பின்னால நின்னுக்கிட்டார். நானும் பக்கத்துல போயி நின்னேன், நிக்காட்டித் தப்பாத் தெரியுமே. அவ கருப்புப் பெட்டியைத் தெறந்து, வலது பக்கம் இருக்கற அம்புக்குறியில மேல காட்டறதை ஒரு தட்டுத் தட்டுனா.

எக்ஸிட்டுன்னு ஒரு வரி வந்துச்சு.

அவ அடிக்கலீங்க. ஒரு தட்டுத்தான். இன்னொரு தட்டு. கடைசியா ஒரு கட்டளையை பிளாப்பிக்கு நகல் எடுத்த வரி வந்து நின்னுச்சு. நான் அடிச்ச வரி. இன்னொரு தட்டு. அதுவும் அப்படித்தான். நாலஞ்சு தட்டு தள்ளி, எல் எஸ்ஸை பிளாப்பிக்கு எடுத்த வரி. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவ கை வேகமெல்லாம் ஒண்ணுமில்லை. அந்தப் புது சாமானு நாம அடிக்கற ஒவ்வொரு வரியையும் ஞாபகம் வெச்சுக்குது, மேல் அம்பைத் தட்டுனாக் கடைசியில இருந்து ஒண்ணொண்ணாத் திருப்பிக் காட்டுது. என்ற பழைய மிசினுல அப்படி ஒரு வித்தை கிடையாது. பெட்டியை மூடிட்டாப் போதும், எல்லாம் போச்சுன்னு நெனைக்கறது அந்த மிசினுல பழகுன புத்தி.

அவ நிறுத்தலை. தட்டிட்டே இருந்தா. எண்ணுன வரி வந்துச்சு, மூட்டை பிரிச்ச வரி வந்துச்சு. எல் எஸ். நான் யாரு. தேதி. காலண்டர். எல் எஸ். எல் எஸ். நான் அவ சேருல உக்காந்து ஆசையா வெளையாடுனது முச்சூடும், பின்னால இருந்து முன்னால, என்ற கண்ணு முன்னாலயே ஒவ்வொண்ணா ஏறிப் போச்சு. மேனேஜர் கைக்கெடிகாரத்தைப் பாத்துட்டு நின்னார். அவருக்கு அது ஓடற எழுத்து, அவ்வளவுதான். அந்த ரூமுல அதைப் படிக்கத் தெரிஞ்சவிய ரெண்டே பேரு.

அவ திரும்பிப் பாக்கலை. பைல் பேரையெல்லாம் ஒருக்கா ஓட்டிப் பாத்தா, பின்னால ஒரு எழுத்துச் சேந்த பேருங்களும் ஓடுச்சு. எண்ணற கட்டளையைக் கையாலயே அடிச்சா. நானூத்திப் பன்னெண்டுன்னு வந்துச்சு. அன்னிக்கு என்னமோ முன்னூத்திச் சொச்சம் சொன்னீங்களேன்னு மேனேஜர் கேட்டார்.

அவ எழுந்து நின்னா. "நான் அந்தப் பக்கம் எத்தனை இருந்துச்சுன்னு ஒத்துப் பாக்காம உட்டுட்டேனுங்க சார். அம்பத்தொரு பைலு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்குது. அக்கா நேத்து வந்து சரி பண்ணியிருக்காங்க."

மேனேஜர் என்னைப் பாத்தார். எப்பங்க கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டார். அவ அப்பத்தான் தலையைத் திருப்பி என்னைப் பாத்தா. புதன்கிழமை நான் சொன்ன பதிலு அவ கண்ணுல நின்னுட்டிருந்துச்சு. நான் பவானி டீலர் கதையைச் சொல்லி, சனிக்கிழமைங்க சார்னு சொன்னேன். அவ ஆமாங்கவும் இல்லை, இல்லைங்கவும் இல்லை.

மேனேஜர் அங்கியே முடிவு பண்ணிப்போட்டார். வேகம் எல்லாருக்கும் வந்துரும், இந்தக் கவனந்தான் வராதுன்னார். லீவு நாள்ல சொந்தக் காசுல பஸ் ஏறி வந்து யாரு பாப்பாங்கன்னார். கவனமான ஆளு கையிலதான் செக்ஷனைக் குடுக்கோணும்னு சொல்லி, அந்தக் கைப்புடி வெச்ச சேரை அவரே என் பக்கம் தள்ளி உட்டார். மத்தியானம் பழைய மிசினை ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க. நான் அந்தச் சேருல உக்காந்து அதைப் பாத்தேன். கோயில் கோயிலா நான் வேண்டுன சேரு. முள்ளு இருக்குதான்னு கையை உட்டுத் தடவிப் பாக்கலாம் போல இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு எல்லாரும் கெளம்பறப்ப அவ என்ற மேசைக்கு வந்தா. ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு பிளாப்பியை வெச்சா. பன்னெண்டு. ஒவ்வொண்ணு மேலயும் ஒண்ணு, ரெண்டுன்னு முத்து முத்தான கையெழுத்துல எழுதியிருந்துச்சு. மத்தியானம் சோத்துக்குக்கூட எறங்காம உக்காந்து நகல் எடுத்திருக்கா. கொரல்ல ஒரு குத்தல் இருக்குதான்னு காதைத் தீட்டிட்டுக் கேட்டேன். இருந்திருந்தா எனக்கு எத்தனை சொகமா இருந்திருக்கும்.

"எல் எஸ் மட்டும் எடுத்தா ஓடாதுங்கக்கா," ன்னா. "கூட இன்னொரு பைல் இருந்தாத்தான் ஓடுமுங்க. எல்லாமே இதுல இருக்குதுங்க."

சரிங்க அம்மணின்னு மட்டும் சொன்னேன். அவ பையை மாட்டிக்கிட்டு, வாரேனுங்கக்கான்னு போயிட்டா.

ஒரு வருசத்துக்கு மேல அவ எனக்குக் கீழ வேலை பாத்தா. ஒரு நாளும் அதைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கலை. அதுக்கப்புறம் ஸ்டோர்க்காரர் என்னை மேடம்னு கூப்பிட ஆரம்பிச்சார். அவர் அப்படிக் கூப்பிடறப்பெல்லாம் நான் ஓரக்கண்ணால அவளைத்தான் பாப்பேன். அவ பாட்டுக்கு வேலை செஞ்சுட்டிருப்பா. மத்தியானம் கம்ப்யூட்டரை அப்படியே தெறந்து போட்டுட்டுச் சாப்பிடப் போவா, அன்னிக்கு அவ அடிச்ச அத்தனை வரியும் அதுக்குள்ள கெடக்கும். யார் வேணும்னாலும் மேல் அம்பைத் தட்டிப் பாத்துக்கலாம். ஒரு நாள் ஆள் இல்லாதப்ப நானும் தட்டிப் பாத்தேன். வேலை, வேலை, வேலையைத் தவிர ஒரு மண்ணும் இல்லை.

அவ குடுத்த பிளாப்பியை என்ற கம்ப்யூட்டருல போட்டு முடிச்ச மொத நாளே, அடிச்சதையெல்லாம் அழிக்கறது எப்படின்னுதான் மொதல்ல கத்துக்கிட்டேன். இன்னிக்கும் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தாலும், அதை அழிச்சுட்டுத்தான் எழுந்திருக்கறேன்.